‘குறைந்தது மூன்று நாள்’: ஈக்கள் வைத்திருக்கும் கணக்கு

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் இறந்து கிடந்தார் என்ற செய்தி வரும்போது, அதன் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருக்கலாம் என நம்பப்படுகிறது.’ படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். யார் நம்புகிறார்கள், எதைப் பார்த்து நம்புகிறார்கள் என்று கேட்பதில்லை. உடல் அழுகிய நிலையில் கிடைத்திருந்தால், அந்த மூன்று நாள் பல நேரங்களில் புழுக்களின் வயதிலிருந்து வந்ததாக இருக்கும். புழுவின் வயதும் மரணத்தின் வயதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெளிவாகச் சொல்லப்படாமல் போவதால் நடக்கும் கேடு பெரிது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஈக்களை ஏன் நம்ப வேண்டியிருக்கிறது? மரணத்துக்குப் பிறகு உடலிலேயே நேரம் காட்டும் மாற்றங்கள் உண்டு. சூடு இறங்குகிறது, தசைகள் விறைத்துப் பிறகு தளர்கின்றன, இரத்தம் உடலின் கீழ்ப்பக்கமாகத் தேங்கி, தோலில் கறுஞ்சிவப்புத் திட்டுகளாகத் தெரிகிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட மருத்துவப் பாடநூல்கள் இவற்றுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கின்றன. நம் ஊர் வெயிலில் இவை சீக்கிரம் கைவிட்டுவிடுகின்றன. உயிருள்ள உடலின் சூடு 37 டிகிரி. கோலாலம்பூரில் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடுகிறது. இரவில்கூட 24க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. இறங்க வேண்டிய தூரமே குறைவு என்பதால், சூட்டை அளந்து நேரம் சொல்வது முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு கடினமாகிவிடுகிறது. விறைப்பும் வெப்பத்தில் விரைவாக வந்து விரைவாக விலகிவிடும். இரண்டாம் நாளே உடல் ஊதத் தொடங்கும். அதன் பிறகு மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு நாள் கணக்கில் தவறலாம்.

உடல் சொல்வதை நிறுத்தும் அந்த இடத்தில்தான் பூச்சிகள் சொல்லத் தொடங்குகின்றன.

சௌக்கிட் சந்தையில் மீன் கூடைகளின் மேல் உட்காரும் பளபளப்பான பச்சை ஈயை எல்லோரும் பார்த்திருப்போம். நீலமும் பச்சையும் கலந்த உடல், பெரிய செந்நிறக் கண்கள். கருவாட்டுக் களங்களுக்கும் அது வருகிறது, கழிவறைக்கும் வருகிறது. அறிவியலில் அதன் பெயர் கிரைசோமியா மெகாசெஃபாலா. மலேசியாவில் இறந்த உடல்களின் மேல் மிக அதிகமாகக் காணப்படும் இனங்களில் இது முதன்மையானது. இதனோடு சேர்ந்தே பேசப்படுவது கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற இன்னொரு பச்சை ஈ. திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் ஒரு உடல் கிடந்தால் ஈக்கள் வந்துசேர நிமிடங்களே போதும். கண், மூக்கு, வாய், காயம் என ஈரமும் மறைவும் உள்ள இடமாகப் பார்த்து, ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டவைக்கின்றன.

அங்கிருந்து வளர்ச்சி ஒழுங்கான வரிசையில் நடக்கிறது. நம் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கும். மூன்றாம் பருவப் புழு நான்கைந்து நாளில் வயிறு நிறைந்து, உணவை விட்டு விலகி, காய்ந்த மண்ணையோ தரைவிரிப்பின் அடியையோ தேடி ஊர்ந்துபோகும். அங்கே அதன் தோலே இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். முட்டையிலிருந்து புது ஈ வெளிவருவது வரை ஏறத்தாழ பத்து நாள். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை நீளத்தை வைத்து மட்டும் சொல்வதில்லை. புழுவின் பின்முனையில் மூச்சு விடும் துளைகள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டாம் பருவப் புழுவுக்கு ஒவ்வொரு துளைத்தட்டிலும் இரண்டு பிளவுகள் தெரியும். மூன்றாம் பருவத்துக்கு மூன்று. ஒல்லியாக வளர்ந்த புழுவோ கொழுத்த புழுவோ, இந்த எண்ணிக்கை மாறாது.

ஆனால் பருவம் தெரிந்தால் மட்டும் வயது தெரியாது. பூச்சிக்கு நம்மைப் போல் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள வெப்பமே அதன் வளர்ச்சியின் வேகம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு அடிமட்ட வெப்பம் உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அந்த அடிமட்டத்துக்கு மேலே இருக்கும் டிகிரிகளை மணிக்கணக்காகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு பருவத்தை எட்டத் தேவையான மொத்தம் கிடைக்கும். தடயப் பூச்சியியல் என்ற இந்தத் துறையின் முதுகெலும்பான கணக்கு இதுதான். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணிதம் தேவையில்லை. விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். அடிமட்டம் 10 டிகிரி. 27 டிகிரியில் ஆய்வகத்தில் வளர்த்தபோது ஒரு புழு குறிப்பிட்ட நிலையை 60 மணி நேரத்தில் எட்டியது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 17 பயனுள்ள டிகிரி. 60 மணி நேரத்துக்கு மொத்தம் 1,020.

இப்போது அதே நிலையில் உள்ள புழு மூன்று வெவ்வேறு இடங்களில் கிடைக்கிறது. ஜோர்ஜ்டவுனில் காற்று வரும் வீடு ஒன்று, சராசரி 27 டிகிரி: வயது 60 மணி நேரம். பினாங்குக் கொடிமலை, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே, கீழே உள்ள நகரத்தைவிட ஐந்து டிகிரி குறைவாக 22 டிகிரி: 1,020-ஐ 12-ஆல் வகுத்தால் 85 மணி நேரம். கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் ஏர்கண்டிஷன் 20 டிகிரியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த படுக்கையறை: 102 மணி நேரம். அதே இனம், அதே பருவம், அதே நீளம். ஆனால் விடை இரண்டரை நாளிலிருந்து நான்கு நாளுக்கு மேல் நகர்ந்துவிட்டது. ‘புழுவைப் பார்த்தால் நாள் சொல்லிவிடலாம்’ என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். புழுவும் வெப்பமும் சேர்ந்தே ஒரு சான்று. வெப்பத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் கையில் இருப்பது பாதிச் சான்றுகூட இல்லை.

வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது? வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்கள் பினாங்கில் பயான் லெப்பாசிலும், கோலாலம்பூர் வட்டாரத்தில் பெட்டாலிங் ஜெயாவிலும் சுபாங்கிலும் இருக்கின்றன. ஆனால் நிலையத்தின் வெப்பம் தகரக் கூரை போட்ட கொட்டகையின் வெப்பமாகாது; செம்பனைத் தோட்டத்து நிழலின் வெப்பமும் ஆகாது. அதனால் சம்பவ இடத்தில் சிறிய பதிவுக்கருவி ஒன்றைச் சில நாள் வைத்து, அதன் எண்களை நிலையத்தின் எண்களோடு ஒப்பிட்டு, கடந்துபோன நாள்களின் வெப்பத்தைத் திருத்திக் கணிக்கிறார்கள். இதோடும் சிக்கல் தீர்வதில்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக நெருக்கி உண்ணும்போது அந்தக் கூட்டமே சூட்டை உண்டாக்குகிறது. சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் ஏறிவிடலாம். புழுக் கூட்டத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகி அளப்பது அதனால்தான். பிணவறையின் குளிர்ப்பெட்டிக்குள் போன பிறகும் அந்தக் கூட்டம் சில மணி நேரம் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் என்பதால், உடல் எத்தனை மணிக்குக் குளிர்ப்பெட்டிக்குள் போனது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எதன் வயதைத் தருகிறது என்பதற்கு இப்போது வரலாம். முட்டை இட்ட நேரத்திலிருந்து உடல் கிடைத்த நேரம் வரை உள்ள இடைவெளியைத்தான் அது தருகிறது. மரணம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். எவ்வளவு முன்பு? அதை ஈ சொல்லாது. பச்சை ஈக்கள் பொதுவாக இரவில் முட்டையிடுவதில்லை. இரவு எட்டு மணிக்கு இறந்தவரின் உடலில் மறுநாள் காலையில்தான் முதல் முட்டை விழக்கூடும். கன மழை பெய்தால் ஈ பறக்காது. கிளந்தானில் முயல் உடல்களை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மழையும் மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் முட்டையிடுவதைத் தாமதப்படுத்துவதைப் பதிவு செய்தது. பூச்சிக்கொல்லி குடித்து இறந்தவர்களின் வழக்குகளில் அது நேரடியாகப் பொருந்துகிறது. தோட்டங்களில் வாழ்ந்த நம் தலைமுறைகளுக்கு அந்த வழக்குகள் புதியவையல்ல. சன்னல் சாத்திய வீடு, போர்வையில் சுற்றிய உடல், காரின் பின்பெட்டி என்று ஒவ்வொரு தடையும் தாமதத்தைக் கூட்டும்.

எனவே நிபுணர் எழுதும் அறிக்கையில் ‘குறைந்தது’ என்ற சொல் இருக்கும். குறைந்தது மூன்று நாள். செய்தியாகும்போது அந்தச் சொல் உதிர்ந்து ‘மூன்று நாள்’ மட்டும் மிஞ்சுகிறது.

அந்த உதிர்தலின் விலையை ஒரு குடும்பம் எப்படிக் கொடுக்கிறது என்று பாருங்கள். மனைவியை இழந்து தனியாக வாழ்ந்த தகப்பனார்; பிள்ளைகள் வேறு ஊர்களில். கதவை உடைத்து உடலை எடுத்த பிறகு, பதினாறாம் நாள் கருமக்கிரியையை எந்த நாளிலிருந்து எண்ணுவது, ஆண்டுதோறும் எந்தத் திதியில் படைப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. ஒரு நாள் தள்ளினால் திதி மாறிவிடும். ‘மூன்று நாள்’ என்று பத்திரிகையில் வந்ததை வைத்துப் பின்னோக்கி எண்ணி ஒரு தேதியை முடிவு செய்கிறார்கள். அந்தத் தேதி, ஈ வந்த தேதி. கடைசியாகத் தொலைபேசியில் பேசிய நாள், வாசலில் எடுக்கப்படாமல் கிடந்த பத்திரிகைகளில் பழையது, வங்கி அட்டையைக் கடைசியாகப் பயன்படுத்திய நேரம் ஆகியவற்றை ஈயின் கணக்கோடு சேர்த்தால்தான் மரணம் நடந்திருக்கக்கூடிய காலத்துக்கு இரு எல்லைகளும் கிடைக்கும். ஈக்கள் பின் எல்லையைத் தருகின்றன, அதாவது மரணம் இதற்குப் பிறகு நடந்திருக்க முடியாது என்ற எல்லையை. முன் எல்லையை மனிதர்கள்தான் தர வேண்டும்.

அந்தப் பின் எல்லையும் சில நேரம் உடைந்துவிடும். நீரிழிவால் காலில் ஆறாத புண், படுக்கைப் புண், கவனிக்க ஆளில்லாத முதியவர். உயிரோடு இருக்கும்போதே புண்ணில் ஈ முட்டையிட்டுவிடும். அப்போது புழுவின் வயது மரணத்தைவிட அதிகமாக இருக்கும். புழுக்கள் கண்ணிலும் வாயிலும் இல்லாமல் காலில் மட்டும் பெரியதாக இருந்தால் நிபுணர் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அந்த நிலையில் அவை மரண நேரத்தைவிட, அந்த முதியவர் எத்தனை நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தார் என்பதற்குச் சான்றாகின்றன. அதே புண்களுக்கு, கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஆய்வகத்தில் தூய்மையாக வளர்த்த லூசிலியா குப்ரினா ஈயின் புழுக்களைச் சிகிச்சையாகவே பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அழுகிய சதையை மட்டும் அவை தின்று, நல்ல சதையை விட்டுவிடுகின்றன. மரண விசாரணைகளுக்காக இறந்த உடல்களிலிருந்து எடுத்த பூச்சிகளை இந்நாட்டில் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இடங்களில் ஒன்றும் அதே கழகம்தான்.

இனத்தைச் சரியாக அடையாளம் காண்பது அடுத்த சிக்கல். சதை ஈ என்று ஒரு வகை உண்டு. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள். அது முட்டையிடுவதற்குப் பதிலாக நேரே உயிருள்ள சிறு புழுக்களை விடுகிறது. அதைப் பச்சை ஈயின் புழு என்று நினைத்துவிட்டால் இல்லாத முட்டைப் பருவத்தின் மணி நேரங்கள் கணக்கில் ஏறிவிடும். கிரைசோமியா ரூஃபிஃபேசிஸின் புழு உடலெங்கும் முள் போன்ற முனைகள் கொண்டது, சற்றுப் பின்னால் வருவது, மற்ற புழுக்களைப் பிடித்துத் தின்பது. முதலில் வந்த இனத்தை இது தின்று தீர்த்துவிட்டால் மூத்த சான்றே காணாமல் போகும். எனவேதான் சேகரிக்கும்போது எல்லா அளவிலும் எடுக்கிறார்கள். ஒரு பகுதியைக் கொதிக்கும் அளவுக்குச் சூடான நீரில் கொன்று ஆல்கஹாலில் போடுகிறார்கள். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் புழு சுருங்கி நீளம் பொய் சொல்லும். இன்னொரு பகுதியை ஆய்வகத்தில் ஈரல் கொடுத்து வளர்த்து, ஈயாக வெளிவந்த பிறகு இனத்தை உறுதி செய்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் மரபணுச் சோதனை இருக்கிறது.

அடுக்குமாடிகள் நம் நகரங்களுக்கே உரிய சிக்கல். உயரத்தில் ஈ வராது என்று நினைப்பது தவறு. மலேசியாவில் உயர்ந்த கட்டடங்களில் கிடைத்த உடல்களிலிருந்து பூச்சிகள் சேகரிக்கப்பட்டு ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் வரும் இனங்கள் மாறுகின்றன. பினாங்கு உள்ளிட்ட வட மாநிலங்களில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் கிடைத்த மனித உடல்களின் ஈக்களை ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளியானது. சிந்தேசியோமியா நூடிசெட்டா என்ற ஈ வீட்டுக்குள் கிடந்த உடல்களோடு தொடர்புடையது என்பது இத்தகைய உள்நாட்டு ஆய்வுகளில் தெரியவந்த முக்கியமான செய்தி. மெகாசெலியா ஸ்கேலாரிஸ் என்ற மிகச் சிறிய கூன்முதுகு ஈ, பச்சை ஈயால் நுழைய முடியாத இடுக்குகளிலும் நுழைந்துவிடும். இந்த இனங்கள் நம் வெப்பத்தில் எந்த வேகத்தில் வளர்கின்றன என்பதை நம் ஊரில் வளர்த்துப் பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும். ஐரோப்பிய அட்டவணைகளை இங்கே பொருத்த முடியாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பொறுமையான, மணமற்றதென்று யாரும் சொல்ல முடியாத வேலையைச் செய்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பூச்சி வளரும் வேகத்தைத் தவறாக எண்ணினால் கணக்கு எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1850-இல் பிரான்சின் அர்புவா நகரில் ஒரு வீட்டைப் பழுதுபார்த்தபோது புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உலர்ந்த உடல் கிடைத்தது. பெர்ஜெரே என்ற மருத்துவர் பூச்சிகளை ஆராய்ந்து, உடல் 1848-இல் அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். சந்தேகம் அப்போது குடியிருந்தவர்களிடமிருந்து முன்பு குடியிருந்தவர்களை நோக்கி நகர்ந்தது. ஆனால் பூச்சி உருமாறி முடிக்க ஓராண்டு ஆகும் என்று அவர் எண்ணியிருந்தார். கோலாலம்பூரில் அந்த ஓராண்டு, பத்து நாள். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1247-இல் எழுதிய சீன நீதி அதிகாரி சோங் ட்சு, கழுவிய அரிவாள்களில் ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்த்ததால் கொலையாளி பிடிபட்ட நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். 1935-இல் ஸ்காட்லாந்தில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டுகளாகக் கிடைத்தபோது புழுக்களின் வயது 12 முதல் 14 நாள் என்று கணிக்கப்பட்டது. அவர்கள் கடைசியாக உயிரோடு காணப்பட்ட நாளோடு அது ஒத்துப்போனது. பம்பாயில் பிறந்த மருத்துவர் பக் ரக்ஸ்டன் அந்த வழக்கில் தூக்கிலிடப்பட்டார்.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1959-இல் கனடாவில் ஸ்டீவன் ட்ரஸ்காட் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இறந்த சிறுமியின் வயிற்றில் இருந்த உணவை வைத்து மரணத்தை அரைமணி நேர இடைவெளிக்குள் அடக்கிய மருத்துவச் சாட்சியம் அந்தத் தீர்ப்பின் தூண்களில் ஒன்று. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த விசாரணையில் பூச்சியியலாளர்களும் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. இது அறிவியலின் தோல்வி என்று நான் கருதவில்லை. அளவுக்கு மீறிய துல்லியத்தோடு சொல்லப்பட்ட ஒரு நேரம், ஒருவர் வாழ்வின் 48 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. மலேசியாவில் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி நிபுணர் தருவது கருத்து. வழக்கறிஞர் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பது.

பத்து நாள் கடந்து புது ஈக்கள் பறந்துவிட்ட பிறகு கணக்கு மங்கத் தொடங்குகிறது. வெற்றுக் கூடுகள் ஒரு தலைமுறை முடிந்ததைச் சொல்லும். கறுப்புப் படைவீர ஈயின் புழுக்களும், தோலையும் எலும்பையும் தேடிவரும் வண்டுகளும் வாரக் கணக்கில் ஏதோ சொல்லும். ஆனால் மணிக்கணக்கின் கூர்மை போய்விடும். எனவே முதல் பத்து நாளுக்குள், மிக மூத்த பூச்சியைக் கண்டுபிடிப்பதே எல்லாம். அது பல நேரங்களில் உடலின் மேல் இருக்காது. மீட்டர்க் கணக்கில் ஊர்ந்துபோய் மண்ணுக்குள்ளோ அலமாரிக்கு அடியிலோ கூடாக இறுகிக் கிடக்கும். உடலை மட்டும் எடுத்துச் சென்று, அறையைக் கூட்டிக் கழுவிவிட்டால், மரணத்துக்கு மிக அருகில் நிற்கும் சான்று குப்பையோடு போய்விடும்.

கதவைத் திறக்கும் முதல் மனிதர் பெரும்பாலும் அதிகாரியாக இருக்கமாட்டார். அண்டை வீட்டுக்காரர், கட்டடக் காவலாளி, பதறி ஓடிவந்த மகள். நாற்றத்தில் சன்னல்களைத் திறப்பதும், பூச்சிமருந்து அடிப்பதும், ஏர்கண்டிஷனை அணைப்பதும் இயல்பு. அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. முடிந்தால் மருந்து அடிக்காமல், எதையும் தொடாமல் வெளியே வந்து காவல் துறையை அழைப்பது நல்லது. ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தால், எத்தனை மணிக்கு அணைத்தோம், அதற்கு முன் திரையில் எத்தனை டிகிரி காட்டியது என்பதை விசாரணை அதிகாரியிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த 1,020-ஐப் பதினேழால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா என்பது அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது.